ட்ரான்ஸ்பர் ஆன அருவி

1

நான் மலையில பொறந்தவன். நடக்கறதுக்கு முன்னாடியே ஏறக் கத்துகினவன். எங்க பக்கம் கொழந்தைய தொட்டில்ல போட மாட்டாங்க, பாறையில போட்டு வளப்பாங்க.

இது மூணும் பொய். நான் பொறந்தது நெய்வேலி பக்கத்துல. தோசக்கல்லாட்டம் தட்டையான செம்மண்ணு. எங்க சுத்து வட்டாரத்துலயே ஒசரமான எடம் எதுன்னு கேட்டா, பண்ருட்டி மண்டியில பலாப்பழம் குமிச்சி வெச்சிருப்பாங்களே, அதுதான். என் பேரு வடமலை. மலைன்னு எங்கிட்ட இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதான்.

ஆனா போன ஞாயித்துக்கெழம இந்தப் பொய்ய மைக்கப் புடிச்சிகினு சொன்னன். அதுவும் ஜெர்மன் பாஷையில. என் ஜெர்மன் எப்டின்னா, பாதி வாயி பேசும், மீதி கை பேசும். கையில மைக்கு இருந்ததால அன்னிக்கு பாதிதான் பேச முடிஞ்சிது.

இன்னா விசேஷம்னு கேக்கறீங்களா? இங்க நான் குடியிருக்கற ஊர்ல நடைக்கூட்டம்னு ஒண்ணு இருக்குது. ஞாயித்துக்கெழம விடிஞ்சா ஆம்பள பொம்பள எல்லாம் கனமான பூட்ஸ மாட்டிகினு காட்டுக்குள்ள பூந்துடுவாங்க. வெறகு பொறுக்கறதுக்கா? இல்ல. காணாமப் போன மாட்டத் தேடவா? அதுவும் இல்ல. சும்மா நடக்க! அருவிகிட்ட போயி கொஞ்ச நேரம் வாயப் பொளந்துகினு நிப்பாங்க. மேட்டு மேல ஏறி, அங்க போட்டு வெச்சிருக்கற பெஞ்சியில குந்திகினு தூரமாப் பாப்பாங்க. ரொட்டி தின்னுட்டு சாயங்காலம் வூட்டுக்குத் திரும்பிடுவாங்க. நம்ம ஊர்ல ஒருத்தன் இப்டி நடந்தான்னா வேப்பில அடிக்கக் கூட்டிகினு போவாங்க.

அந்தக் கூட்டத்துக்கு முன்னால நின்னு வழி காட்டறவன் நானு. ஆமாங்க, பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத நானு. இத்தினி வருசம் ஒருத்தரையும் தொலைக்காம கூட்டியாந்ததுக்கு சட்டையில ஒரு வெள்ளி பின்னு குத்துனாங்க. குத்துன பொம்பள அழுத்துன அழுத்துல, பின்னு கொஞ்சம் மாருலயும் எறங்கிடுச்சி. நானு "ஆ"ன்னு கத்துனத சந்தோசம்னு நெனச்சிகினு எல்லாரும் கை தட்டுனாங்க.

அப்பதான் எம்மவன் எழுந்திரிச்சான். இங்கியே பொறந்தவன். தமிழ்ல சோறு கேப்பான், மத்ததெல்லாம் ஜெர்மன்ல கேப்பான்.

"அப்பா, உங்க ஊரு மேப்ப நான் பாத்துருக்கேன். அங்க மலையே கெடையாதே?"

சபை முழுக்க சிரிக்குது. பெத்த அப்பன்னு பாக்கறானா பாருங்க.

"மேப்பு போட்டவன் ஞாயித்துக்கெழம வந்திருப்பான்டா. அன்னிக்கு மலைக்கு லீவு"ன்னு சொல்லி சமாளிச்சன்.

ஆனா மனசுக்குள்ள உறுத்திகினே இருக்குது. மலை இல்லதான். ஆனாலும் ஒரு ஞாயித்துக்கெழம நெய்வேலியில நான் மலை ஏத்திக் காட்டுனன். அருவி காட்டுனன். அத இவங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க அந்த மண்ணுல கெடக்கறவங்க, உங்ககிட்ட சொன்னா ஒரு சாட்சியாவது கெடைக்கும். அதான், பெருசானப்பறம் கத்துகின எழுத்துல எழுதறன்.

2

அதுக்கு முன்னாடி இங்கத்த ஆபீசு கதைய ஒண்ணு சொல்லிடறன். வந்த புதுசுல வெளிநாட்டுக்காரங்க ஆபீசுல ஒக்கார வெச்சி, "பொறந்த தேதி?"ன்னு கேட்டாங்க. "புயலடிச்ச வருசம், மல்லாட்ட புடுங்கற சமயம்"னன். அந்த ஆபீசரு பேனாவ வெச்சிட்டு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. மறுபடியும் கேட்டாரு. நானு மறுபடியும் அந்த மல்லாட்டக் கடலையவே சொன்னன். கடசியில அவரே ஜனவரி ஒண்ணுன்னு எழுதி சீல் குத்திட்டாரு. இன்னிய வரைக்கும் என் பொறந்த நாளுக்கு இந்த நாடு பூரா ராத்திரியெல்லாம் வாண வேடிக்க உடறாங்க. ராசாவுக்குக்கூட இப்டி நடந்திருக்குமா சொல்லுங்க.

சரி, நெய்வேலிக்கு வரன்.

சொரங்கத்துல மொதமொதல்ல நெலக்கரி கண்ணுல பட்டிச்சே, அதுக்கு அப்பறமா ஒரு ரெண்டு வருசம் போயிருக்கும். பெரிய பெரிய சக்கரம் வெச்ச மண்ணு வெட்டற மிஷினுங்களப் பூட்டறதுக்கு ஜெர்மன்காரங்க வந்து டவுன்ஷிப்புல குடியிருந்தாங்க. அதுல ஒருத்தரு வெர்னர் தொர. அவரு வூட்டுல நானு சமையக்காரன். சமையக்காரன்னா, எனக்கு சமைக்கத் தெரியாது. எம்பொண்டாட்டி தனபாக்கியம் சமைப்பா, நானு தூக்கிகினு போயி மேசையில வெச்சிட்டு நானே செஞ்ச மாரி நிப்பன்.

எங்க அப்பன், அவரு அப்பன் எல்லாம் அடுத்தவன் நெலத்துல நாத்து நட்டு, நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வெட்டிப் போட்டவங்க. எனக்குத்தான் மொதமொதல்ல தலைக்கு மேல காத்தாடி சுத்தற வூட்டுல வேல. பர்மனென்ட் இல்ல, காண்ட்ராக்ட்டுகூட இல்ல. தொர இருக்கற வரைக்கும் சோறு, அவ்வளவுதான்.

அந்த சோத்துக்கும் ஆபத்து வந்துது. தொரையோட சம்சாரம் ஹில்டாம்மா. வந்த நாளா வூட்ட உட்டு வெளிய வரல. ஜன்னல்கிட்ட குந்திகினு நேரான ரோட்டையே பாத்துகினு இருப்பாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச தமிழு மூணே வார்த்த: தண்ணி, சூடு, போதும். காலையில தண்ணிம்பாங்க, மத்தியானம் சூடும்பாங்க, சாயங்காலம் தொர வந்ததும் அவரப் பாத்து போதும்பாங்க. ஒரு நாளு பாத்தா ட்ரங்குப் பொட்டியில துணியெல்லாம் அடுக்கிப் பூட்டி, சாவிய கவுன் பையில போட்டு வெச்சிருக்கறாங்க.

தொர சமையக்கட்டுக்கு வந்து குந்திட்டாரு. அவரு இங்கிலீஷு, நானு தமிழு, நடுவுல ரெண்டு பேரு கையும் பேசிக்கும். அவரு சொன்னது இதான்: எங்க ஊர்ல ஞாயித்துக்கெழம ஆனா காட்டுல நடப்போம், அருவி, மலை. இங்க ஒண்ணுமே இல்ல, அதான் அவ போறங்கறா, அவ போனா நானும் போயிடுவன். இப்டி கையாலயே சொல்லிட்டு மூக்க உறிஞ்சினாரு. ஆறடி ஆளு.

இவங்க போனா மறுநாளே எங்கையில கரும்பு வெட்டற கத்திதான். அந்த பயத்துல வாயி தானா தொறந்துகிச்சி.

"யாரு சொன்னது இல்லன்னு? மலை இருக்குது, அருவி இருக்குது, காடு இருக்குது. ஞாயித்துக்கெழம நான் கூட்டிகினு போறன்."

கரண்டியும் கையுமா நின்ன தனபாக்கியம் என்ன மேலயும் கீழயும் பாத்தா. தொர போனப்பறம் கேட்டா.

"ஏன்யா, எங்கய்யா இருக்குது அருவி? உன் மூக்குலயா?"

"இருக்குதுடி."

"மலை?"

"அதுவும் இருக்குது. நீ இட்லிய மட்டும் சுட்டுக் கட்டு."

3

இங்கதான் நம்ம ஊரு சங்கதி வருது. நெலக்கரிக்கு அடியில ஒரு தண்ணி இருக்குது. அத எறைச்சி மேல கொட்டிகினே இருக்கலன்னா சொரங்கத்தையே முட்டிகினு பொங்கிடும். அதுக்காக சொரங்கத்தச் சுத்தி போர் போட்டு ராவும் பகலுமா பம்பு ஓடும். குழா வாயிலேருந்து தண்ணி தபதபன்னு செம்மண்ணு பள்ளத்துல வுழுந்து நொரைச்சிகினு ஓடும். முந்திரிக் காட்டுக்கு அந்தாண்ட அப்டி ஒண்ணு இருந்திச்சி. அதுதான் என் அருவி. தோண்டுன மண்ணையெல்லாம் மிஷினு கொண்டாந்து குமிச்சி குமிச்சி சாய்வா ஒரு மேடு ஆகியிருந்திச்சி பாருங்க, அதுதான் என் மலை.

ஒரே கொறை, அருவிக்கு குழா இருக்கக் கூடாது. அதனால சனிக்கெழம பொழுது சாயறப்ப அருவாள எடுத்துகினு போனன். முந்திரித் தழைய வெட்டி, தாழம்பொதரப் புடுங்கி, மூணு குழா வாயையும் மூடி ஜோடிச்சன். பக்கத்துல ரெண்டு கருங்கல்ல உருட்டி வெச்சன். தள்ளி நின்னு பாத்தா எனக்கே சந்தேகம் வந்திடுச்சி, இது கடவுள் பண்ணதா நான் பண்ணதான்னு.

விடிஞ்சிது. தொர முட்டி வரைக்கும் கம்பளி காலுறை, றெக்க சொருகுன தொப்பி, கையில தடி. வெய்யிலுக்கு முன்னாடியே வேர்க்கறாரு. ஹில்டாம்மா குடையப் புடிச்சிகினு, சரியாக் கூப்புடாத கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாரி உர்ருன்னு வராங்க. பின்னால தனபாக்கியம், தலையில இட்லித் தூக்கு, இடுப்புல பலாச்சொள கூடை. முன்னால நானு, காட்டு ராசா.

முந்திரி மரத்துக்கெல்லாம் குனிஞ்சி குனிஞ்சி போனோம். "அடர்ந்த காடு"ன்னு கை விரிச்சி காட்டுனன். மரத்துல ஆடு ஒண்ணு முன்னங்கால வெச்சி தழை தின்னுகினு இருந்திச்சி. "காட்டு மிருகம்"ன்னன். தனபாக்கியம் பின்னாலேருந்து, "அது கோனாரு வூட்டு ஆடுய்யா"ன்னு முணுமுணுத்தா.

"சூடு"ன்னாங்க ஹில்டாம்மா.

"தோ வந்துடுச்சும்மா, அருவி!"ன்னு தாழம்பொதர வெலக்கி உட்டன்.

தண்ணி இல்ல.

ஒரு சொட்டு இல்ல. நான் கட்டுன தழை மட்டும் வாடிப் போயி தொங்கிகினு இருக்குது. ஜோடிச்சி முடிச்ச பாடைய தூக்க ஆளு வராத மாரி கெடக்குது. பள்ளத்துல ஒரு கொக்கு, அதுவும் என்னத்தான் பாக்குது.

தொர தொப்பியக் கழட்டி மாருல வெச்சிகினாரு, எழவு வூட்டுக்கு வந்த மாரி. ஹில்டாம்மா குழாயப் பாத்தாங்க, தழையப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க.

"போதும்."

திரும்பி நடந்துட்டாங்க. எனக்குக் கண்ணு முன்னால கரும்புத் தோட்டம் தெரியுது.

அந்நேரம் பாத்து லத்தியச் சொழட்டிகினு வந்தாரு வாட்ச்மேன் சொடலமுத்து. டவுன்ஷிப்புல எங்க பிளாக்குதான், திருநெல்வேலிக்காரரு.

"என்னவே வடமலை, குழாய்க்கு மாலையெல்லாம் போட்டுருக்கீரு?"

"அண்ணே, தண்ணி எங்கண்ணே?"

"மோட்டார நேத்து ராத்திரி ஷிப்டுலயே கழத்தியாச்சுல்லா. சுரங்க வெட்டு அந்தப் பக்கமா போவுதுன்னு வடக்க உள்ள போருக்கு மாத்திட்டாங்கவே."

அருவிக்கு ட்ரான்ஸ்பர் ஆர்டர்! ராத்திரியோட ராத்திரியா. வேற எந்த ஊர்லயாவது உண்டா? மலையில பொறந்தவன் இந்தத் தப்ப பண்ணா ஞாயம் இருக்குது. காலையில போனா அருவி அங்கியே இருக்கும்னு நம்பி சனிக்கெழமையே ஜோடிச்சி வெச்சேன் பாருங்க, டவுன்ஷிப்புல இருந்துகினே இதத் தெரிஞ்சிக்காத ஆளு நான் ஒருத்தன்தான்.

"வடக்கால எந்த எடம்ணே?"

"அங்கிட்டுலாம் போவ முடியாது. பாஸ் வேணும். ஆமா, இதப் போயி அருவின்னா சொல்லி வெச்சிருக்கீரு? எங்க ஊரு அருவியப் பாத்தா நீரு இந்தக் குழாயில தூக்கு மாட்டிக்கிடுவீரு."

"அந்தாளு மாட்டிக்கறது இருக்கட்டும், மொதல்ல பாஸுக்கு வழி சொல்லுங்கண்ணே"ன்னா தனபாக்கியம்.

இப்டி நாங்க வாயாடிகினு இருக்கசொல்ல, போய்க்கினு இருந்த ஹில்டாம்மா நின்னாங்க. காத்து வடக்கேருந்து அடிச்சிது. அந்தக் காத்துல ஹோன்னு ஒரு சத்தம். சன்னமாத்தான். தலைய சாச்சி கேட்டாங்க. அப்டியே சத்தம் வந்த பக்கமா திரும்பி நடக்க ஆரமிச்சிட்டாங்க. எங்க யாரையும் கேக்கல.

சொடலமுத்து ஓடிப் போயி லத்திய குறுக்க நீட்டுனாரு. "மேடம், பாஸ்! பாஸ் இல்லாம..."

ஹில்டாம்மா அவரப் பாத்தாங்க. விரிச்சி வெச்சிருந்த குடைய மடக்கி அவரு கையில குடுத்தாங்க. லத்திக்குக் கீழ குனிஞ்சி போயிட்டாங்க. இவரு குடைய வாங்கிகினு ஒரு சல்யூட் அடிச்சாரு. அடிச்சி முடிச்சப்பறம்தான் ஏன் அடிச்சோம்னு யோசிச்சாரு.

"நான் யாரையும் பாக்கலவே"ன்னாரு எங்கிட்ட, குடைய விரிச்சி வெய்யிலுக்குப் புடிச்சிகினு. "திரும்பி வாரப்ப அந்தப் பலாச்சொளையில நாலு மிச்சம் இருந்தாச் சரி."

4

சத்தத்த புடிச்சிகினே போனோம். சவுக்கு மரத்தெல்லாம் தாண்டி ஒரு திருப்பம். நான் கண்ண மூடிகினன். ஏன்னா அங்க நான் எதையும் ஜோடிக்கல. குழா குழாயாத்தான் இருக்கும்.

கண்ணத் தொறந்தா, நாலு குழா. ஒவ்வொண்ணும் ஆளு உள்ள நொழையற அகலம். மறைக்க ஒரு எல கெடையாது. தண்ணி யானக் கூட்டமாட்டம் பாஞ்சி வருது. ஒரே ராத்திரியில செம்மண்ண அறுத்து, படிக்கட்டு மாரி மூணு அடுக்கு பண்ணி, ஒண்ணுலேருந்து ஒண்ணு குதிச்சி ஓடுது. சாரல் மொகத்துல அடிக்குது. வெய்யில் பட்டு அதுக்கு மேல சின்னதா ஒரு வானவில்லு, நான் கேக்காமயே.

ஹில்டாம்மா செருப்பக் கழட்டுனாங்க. கவுனோட எறங்கி, ரெண்டாவது அடுக்குக்குக் கீழ போயி தலையக் குடுத்தாங்க.

"ஐயய்யோ, ஜன்னி கண்டுக்கும்மா!"ன்னு தனபாக்கியம் இட்லித் தூக்க கீழ வெச்சிட்டு ஓடுனா. இழுத்தாரப் போனவள அந்தம்மா கையப் புடிச்சி உள்ள இழுத்துட்டாங்க. மஞ்சக் கயிறு கட்டுன புதுப் பொண்ணுங்க மாரி ரெண்டு பேரும் கூச்சல் போடறாங்க. அது பூமிக்கடித் தண்ணி பாருங்க, வெதுவெதுப்பா இருக்கும்.

"சூடு!"ன்னு கத்துனாங்க ஹில்டாம்மா. அதே வார்த்ததான். ஆனா அன்னிக்குத்தான் அத சிரிச்சிகினே சொன்னாங்க.

தொர கரையில குந்திகினு காலுறைய உருவறாரு, வர மாட்டங்குது. நான்தான் இழுத்தன். ஒரு இழுப்புல காலுறை எங்கையில, நானு பள்ளத்துல.

தலையக்கூட துவட்டாம மலைக்குக் கெளம்புனோம். மெத்து மெத்துன்னு புது மண்ணு. மிஷினு போட்ட மேடு அது, குத்துப்பாறை ஒண்ணும் கெடையாது, சாவகாசமா ஏறலாம். "நான் மலைக்காரன், என் பின்னாலயே வாங்க"ன்னு சொல்லி ரெண்டு எட்டு வெச்சன். மண்ணு வாரிகிச்சி. உக்காந்த வாக்குல அடிவாரத்துக்கு வந்து சேந்தன். எனக்கு முன்னால அவங்க மூணு பேரும் உச்சிக்குப் போயிட்டாங்க. வழிகாட்டி கடசியா போயி சேந்த மலை அது ஒண்ணுதான்.

மேல போயி நின்னா, அடேயப்பா. நம்ம மண்ணுல கண்ணுக்கு இத்தினி தூரம் கெடைக்கும்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரியும். இந்தாண்ட முந்திரிக் காடு பச்சப் பாயி விரிச்சாப்புல. அந்தாண்ட டவுன்ஷிப்பு ரோடெல்லாம் சட்டம் வெச்சி கோடு கிழிச்ச மாரி. கரண்டு எடுக்கற பெரிய பொகப்போக்கி. கெழக்கால தூரத்துல வெள்ளையா ஒண்ணு மின்னிகினு இருந்திச்சி. "கடலு!"ன்னன். பெருமா ஏரிதான் அது, எனக்கே தெரியும். ஆனா ஏறி வந்தவங்களுக்கு ஏரியக் காட்டுனா நல்லாவா இருக்கும்?

கீழ சொரங்கம். செவப்பு, மஞ்சளு, சாம்பலுன்னு அடுக்கு அடுக்கா எறங்கி, அடியில மை தடவுன மாரி கரி. அதுக்கு நடுவுல சக்கர மிஷினு ஒண்ணு சுத்திகினு இருந்திச்சி. அம்மாம் பெரிய மிஷினு, மேலேருந்து பாத்தா பொட்டியில வெச்சி விக்கற பொம்மை.

தொர அதக் காட்டி ஏதோ சொன்னாரு. அவரு பூட்டுன மிஷினு அது. அவரு வேல செய்யற எடத்த அந்தம்மா அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. புருசன் காலையில போறாரு, மண்ணா வராரு, அவ்வளவுதான் அவங்களுக்குத் தெரியும். அவங்க அதையே பாத்துகினு நிக்கறாங்க. ஈரத் தலையிலேருந்து தண்ணி சொட்டுது. தொர அவங்க மொகத்தப் பாக்கறாரு. நானு அவங்க ரெண்டு பேரு மொகத்தையும் பாக்கறன். தனபாக்கியம் மட்டும் எல்லாருக்கும் எலையில இட்லி வெச்சிகினு இருந்தா.

அந்தம்மா என் பக்கம் திரும்புனாங்க. கையாலயே கேட்டாங்க: அந்த மொதக் குழாய்க்கு தழை கட்டுனது யாரு?

பொய் சொல்ல வாயெடுத்தன். தனபாக்கியம் முந்திகினா, இட்லிக் கையாலயே என்னக் காட்டிட்டா.

ஹில்டாம்மா சிரிக்க ஆரமிச்சாங்க. வயித்தப் புடிச்சிகினு மண்ணுல குந்திட்டாங்க, நிறுத்த முடியல. தொரைக்கும் தொத்திகிச்சி. எனக்கு சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல. எதுக்கும் இருக்கட்டும்னு நானும் சிரிச்சன். அப்பறம் கண்ணத் தொடச்சிகினு, கவுன் பையில கைய உட்டு அந்த ட்ரங்குப் பொட்டி சாவிய வெளிய எடுத்தாங்க. தனபாக்கியம் இட்லிய அப்டியே கையில வெச்சிகினு பாத்தா. உள்ளங்கையில வெச்சி ஒரு தரம் பாத்துட்டு, தொரைய கிட்ட கூப்ட்டு, அவங்க இன்னா சொன்னாங்கன்னா...

கொஞ்சம் இருங்க. கீழ வாசல்லேருந்து யாரோ கூப்புடறாங்க. ஹில்டாம்மா கொரலுதான்.

"யோவ் மலை! எல்லாரும் பூட்ஸ மாட்டிகினு தெருவுல நின்னுகினு இருக்கறாங்க, தனபாக்கியம்கூட கெளம்பிட்டா, நீ இன்னாய்யா வூட்டுக்குள்ள எழுதிகினு இருக்கற? நெய்வேலியில அத்தினி வருசம் குடும்பம் நடத்துனன், அங்கியும் நீ இப்டித்தான், எங்ககூட இங்க வந்தும் மாறல, ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்ல. எறங்கி வாய்யா!"